‘இலவச’ சிகிச்சையில் இரண்டு லட்சம் எங்கே போனது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்கத்தான். அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் அரசு மருத்துவமனையில் கீமோவும் 33 நாள் கரண்ட் சிகிச்சையும் (கதிர்வீச்சு) முடிந்திருக்கிறது. மருத்துவமனைக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. ஆனாலும் ஐந்து மாதத்தில் 1,10,000 ரூபாய் கையைவிட்டுப் போயிருக்கிறது, அம்மாவின் நகை அடகில் இருக்கிறது. “இலவச வைத்தியத்துக்கு எப்படிடா இவ்வளவு ஆச்சு?” என்று மாமா சொந்தக்காரர்கள் முன்னால் வைத்துக் கேட்டிருக்கிறார். பெரிய நோய் வந்த குடும்பங்களின் பணக் கஷ்டத்தை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் படித்தபோது எனக்குக் கேட்டது வேறொன்று. ‘நான் சரியாகக் கணக்குப் பார்க்காமல் விட்டுவிட்டேனா?’ என்பதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை தம்பி. உங்கள் கணக்கில் இருக்கும் ஒரே தவறு, நீங்கள் குறைத்துக் கணக்கிட்டிருப்பது.

நான் மருத்துவர் இல்லை. புற்றுநோய்ப் பிரிவு ஒன்றில் மருத்துவ சமூகப் பணியாளராக 17 ஆண்டுகள் வேலை பார்த்தேன். நடுவில் இரண்டு கள ஆய்வுகளுக்காகக் கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போயிருக்கிறேன். அதனால் அப்பாவின் சிகிச்சை பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். பணம் எப்படிக் கரைகிறது, அதை ஆய்வாளர்கள் எப்படி எண்ணுகிறார்கள், எதை எண்ணாமல் விடுகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். நோய் இன்னதென்று தெரிவதற்கு முன் தனியார் காது மூக்கு தொண்டை மருத்துவர், எண்டோஸ்கோப்பி, பயாப்ஸி, ஸ்கேன் எல்லாம் சேர்த்து 38,000. லாட்ஜும் சாப்பாடும் 41,000. பஸ், ஆட்டோ 11,000. டியூப் வழியாகக் கொடுக்கும் சத்து மாவு, வெளியில் வாங்கிய மருந்து 20,000. இதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அட்டையை எடுத்து நீட்டுவதற்கு முன்பே போய்விட்டது. நான் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. காப்பீடு என்பது நோயின் பெயர் உறுதியாகி, மருத்துவமனை அனுமதி கேட்டு, அந்தச் சிகிச்சைக்கான தொகைக்கு (‘பேக்கேஜ்’) ஒப்புதல் ஆன பிறகு தொடங்குவது. குடும்பத்தின் செலவோ முதல் நாள் தொண்டை கரகரக்கும்போதே தொடங்கிவிடுகிறது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள் என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுத் திட்டம் 2018-ல் அதோடு இணைக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் என்பது பெரிய தொகைதான். ஆனால் அந்த 5 லட்சத்தில் ஒரு ரூபாய்கூட லாட்ஜ் வாடகைக்கு வராது.

இப்போது உங்கள் பட்டியலில் இல்லாததைச் சேர்க்கிறேன். அப்பா தறி ஓட்டி மாதம் 10,000 கொண்டுவருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மாதம் தறிக்குப் போகவில்லை: 50,000. உங்கள் சம்பளம் 12,000. துணைக்கு நிற்க நான்கு மாதம் சம்பளமில்லா விடுப்பு: 48,000. ஆக 98,000 ரூபாய் வீட்டுக்குள் வரவே இல்லை. செலவோடு சேர்த்தால் 2,08,000. உங்கள் இருவரின் ஆண்டு வருமானம் 2,64,000. அதாவது ஓராண்டு வருமானத்தில் ஏறக்குறைய 79 சதவீதத்தை இந்த நோய் ஐந்தே மாதத்தில் தின்றிருக்கிறது. மாமா பார்ப்பது அடகுச் சீட்டை மட்டும்தான். வராமல் போன சம்பளத்துக்கு எந்தச் சீட்டும் கிடையாது.

சரி, ஆராய்ச்சிக்கு வருகிறேன். ‘பேரிடர்ச் செலவு’ என்று ஒரு சொல் இந்தத் துறையில் உண்டு. ஒரு குடும்பம் மருத்துவத்துக்குச் செய்யும் செலவு ஓர் எல்லையைத் தாண்டினால் அது பேரிடர். எல்லை எது என்பதில் ஒரே அளவுகோல் இல்லை. ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் வீட்டின் மொத்தச் செலவில் 10 சதவீதம் அல்லது 25 சதவீதம் என்று வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய முறை, சாப்பாடு போன்ற அடிப்படைத் தேவை போக மிஞ்சுவதில் 40 சதவீதம். காசநோய்க்கு மட்டும் வேறு கணக்கு: ஆண்டு வருமானத்தில் 20 சதவீதம். ஆனால் அந்தக் கணக்கில் மருந்துச் செலவோடு பயணம், உணவு, இழந்த கூலி எல்லாம் அடங்கும். என்னைக் கேட்டால் இந்தக் காசநோய்க் கணக்குதான் நேர்மையானது. அந்த எல்லைப்படி உங்கள் வீட்டுக்கு 52,800 ரூபாயைத் தாண்டினாலே பேரிடர். நீங்கள் அதைப்போல நான்கு மடங்குக்கு அருகில் நிற்கிறீர்கள். காசநோய்க்கு நம் நாட்டில் மருந்து இலவசம், பல பத்தாண்டுகளாகவே இலவசம். அப்படியிருந்தும் உலக அளவில் காசநோய்க் குடும்பங்களில் ஏறக்குறையப் பாதி இந்த எல்லையைத் தாண்டுகின்றன, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்றால் ஐந்தில் நான்கு என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகள் சொல்கின்றன. மருந்து இலவசம் என்பதும் நோய்க்குச் செலவில்லை என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 2018-ல் காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தார்கள், 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கினார்கள். இதற்குப் பின்னால் இருப்பதும் இதே புரிதல்தான்.

புற்றுநோயில் நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது தென்கிழக்கு ஆசியாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு. மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், பிலிப்பைன்ஸ் உட்பட எட்டு நாடுகள், 9,513 புதிய நோயாளிகள். நோய் தெரிந்ததிலிருந்து ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. ஓராண்டு முடிவில் 29 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். 48 சதவீதம் பேர் பேரிடர்ச் செலவில் விழுந்திருந்தார்கள். உயிரோடும் இருந்து பண விஷயத்திலும் தப்பியவர்கள் 23 சதவீதம்தான். அங்கே எல்லை ஆண்டு வருமானத்தில் 30 சதவீதம், அதுவும் கைக்காசு மட்டும், இழந்த கூலி சேர்த்தி இல்லை. உங்கள் 1,10,000-ஐ மட்டும் எடுத்தாலே அது 41 சதவீதத்துக்கு மேல். ஆகவே நீங்கள் விதிவிலக்கு இல்லை. அந்த எண்களில் பெரிய கூட்டம் நிற்கும் இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

இந்தியாவுக்கு நமக்கு இருக்கும் பெரிய ஆதாரம் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு. 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை நடந்த 75-வது சுற்றில், பிரசவம் நீங்கலாக ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் ஆகும் சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய் என்று வந்தது. ஏழு மடங்கு வித்தியாசம். அரசு மருத்துவமனைக்குப் போனதில் நீங்கள் எடுத்த முடிவு சரியானது என்பதற்கு இதுவே போதும். ஆனால் அந்தக் கணக்கெடுப்பு பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பணத்தை எப்படிப் புரட்டினீர்கள் என்ற கேள்விக்குக் கிராமப்புறத்தில் 80 சதவீதம் பேர் வருமானம், சேமிப்பு என்றும், 13 சதவீதம் பேர்தான் கடன் என்றும் சொல்லியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, பெரும்பாலானவர்கள் சமாளித்துவிடுகிறார்கள் என்று ஒருவர் முடிவுக்கு வரலாம். நான் கேள்வித்தாளோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். “கடன் வாங்கினீங்களா?” என்றால் “இல்லீங்க” என்பார்கள். பேச்சு அரை மணி நேரம் போன பிறகு, மச்சான் கொடுத்த கைமாத்து 20,000, மகளிர் குழுவில் வீடு கட்டுவதாகச் சொல்லி எடுத்த 30,000, சீட்டை முன்கூட்டித் தள்ளி எடுத்தது எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. வட்டிக்கடைக்காரரிடம் வாங்கினால்தான் அவர்கள் மொழியில் அது கடன். கேள்வியை எழுதியவர்களுக்கு அது தெரியாது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. செலவை மட்டும் எண்ணும் ஆய்வு செலவே செய்ய முடியாதவரைப் பார்ப்பதில்லை. எங்கள் முதல் கள ஆய்வில் ஒரு அம்மா இருந்தார், மார்பகப் புற்றுநோய். எங்கள் நோட்டில் அந்தக் கிராமத்திலேயே மிகக் குறைந்த செலவு அவருடையதுதான். எல்லைக்கு வெகு கீழே, ‘பேரிடர் இல்லை’ என்று கட்டத்தில் டிக் போட்டோம். உண்மையில் நடந்தது என்னவென்றால், இரண்டாவது கீமோவோடு அவர் நிறுத்திவிட்டார். மகளின் ஹாஸ்டல் கட்டணத்துக்கும் பஸ் காசுக்கும் நடுவில் அவர் மகளைத் தேர்ந்தெடுத்தார். சிகிச்சையைக் கைவிட்டவர் நம் அட்டவணையில் பணம் மிச்சம் பிடித்தவராகத் தெரிகிறார். அன்றிலிருந்து எந்தச் சராசரியைப் பார்த்தாலும், அதில் பூஜ்யம் போட்டவர்கள் எத்தனை பேர், ஏன் பூஜ்யம் என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

இதற்கும் உங்கள் 52,000-க்கும் தொடர்பு இருக்கிறது, அதாவது லாட்ஜ், சாப்பாடு, பஸ் செலவுக்கும். கரண்ட் சிகிச்சையை இடையில் விட்டு விட்டு எடுத்தால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறையும் என்பது தொண்டை உட்பட்ட தலை, கழுத்துப் புற்றுநோயில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம், நான் வேலை பார்த்த பிரிவில் மருத்துவர்கள் தினமும் சொல்வதும் அதுதான். பஸ் காசில்லாமல் வாரம் மூன்று நாள் மட்டும் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பா 33 நாளும் போயிருக்கிறார். அந்த மிஷினும் மருத்துவரும் இலவசம், உண்மைதான். ஆனால் அப்பாவைத் தினமும் அந்த மிஷின் முன்னால் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது நீங்கள் செலவழித்த பணம். மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு ஆய்வுகளையும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் 2013-ல் யூசுஃப் ஸஃபர், ஏமி ஆபர்நதி என்ற இரு புற்றுநோய் மருத்துவர்கள் இதை ‘ஃபைனான்ஷியல் டாக்ஸிசிட்டி’ என்று அழைத்து எழுதினார்கள். கீமோவுக்கு வாந்தியும் முடி கொட்டுவதும் எப்படியோ அப்படிப் பணக் கஷ்டமும் சிகிச்சையின் பக்கவிளைவு, மருத்துவர் அதையும் கேட்டு எழுத வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதே ஆண்டு ஸஃபர் குழு 254 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில் 46 சதவீதம் பேர் உணவு, உடைச் செலவைக் குறைத்திருந்தார்கள், 20 சதவீதம் பேர் எழுதிக் கொடுத்த மருந்தைக் குறைத்துச் சாப்பிட்டார்கள். இத்தனைக்கும் பெரும்பாலும் காப்பீடு உள்ளவர்கள். அது சிறிய ஆய்வு, அதிலும் பலர் ஏற்கெனவே உதவி கேட்டு வந்தவர்கள். அதனால் அந்தச் சதவீதங்களை எல்லா நோயாளிகளுக்கும் பொருத்தக் கூடாது. அதன் பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் இந்தச் சுமையை அளக்கப் பதினொரு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலையும் உருவாக்கினார்கள். பல நாடுகளில் இன்று அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் ஆய்வாளர்களுக்குள்ளேயே பலத்த சண்டை. 2007-ல் அமெரிக்காவில் திவாலானவர்களில் 62 சதவீதம் பேருக்கு நோய் ஒரு காரணம் என்று 2009-ல் ஒரு குழு எழுதியது. 2018-ல் இன்னொரு குழு, மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் கடன் விவரங்களைப் பின்தொடர்ந்து, முதியோர் அல்லாதவர்களின் திவால்களில் 4 சதவீதத்துக்குத்தான் மருத்துவமனையில் சேர்ந்தது காரணம் என்றது. 62-க்கும் 4-க்கும் இடையில் எவ்வளவு தூரம் பாருங்கள். இரண்டு பேரும் வேறு வேறு கேள்வி கேட்டார்கள். மூழ்கியவர்களிடம் போய் உங்களை எது மூழ்கடித்தது என்று கேட்பது ஒன்று, ஆற்றில் இறங்கிய எல்லோரையும் கரையில் நின்று எண்ணுவது வேறு. அதிலும் இரண்டாவது குழு மருத்துவமனையில் சேராமலே நீளும் நோய்களைப் பார்க்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த இரண்டாவது குழுவே கண்ட இன்னொரு முடிவு: காப்பீடு இருந்தவர்களுக்கு மருத்துவமனை பில்லைவிட அடுத்த சில ஆண்டுகளில் குறைந்த சம்பளம்தான் பெரிய அடி. உங்கள் வீட்டுக் கணக்கிலும் ஏறக்குறையப் பாதி அதுதானே.

வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காட் ராம்ஸி குழு செய்த ஆய்வுகளையும் பலர் மேற்கோள் காட்டுவார்கள். புற்றுநோய் வந்தவர்கள் திவாலாகும் வாய்ப்பு வராதவர்களைப்போல 2.65 மடங்கு. இது உறுதியான எண். திவாலான புற்றுநோயாளிகள் இறக்கும் அபாயம் 79 சதவீதம் அதிகம் என்று 2016-ல் வந்ததை மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டும். பணம் போனதால் சிகிச்சை குறைந்து இறந்தார்களா, நோய் கடுமையாக இருந்ததால் பணமும் போய் உயிரும் போனதா என்பதை அந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. உங்களைப் போன்றவர்கள் இதைப் படித்துவிட்டுக் கலங்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

காப்பீடு உதவுகிறதா என்றால், எந்தக் காப்பீடு என்று கேட்க வேண்டும். 2008-ல் தொடங்கிய மத்திய அரசின் பழைய திட்டத்தில் ஆண்டுக்கு 30,000 ரூபாய்தான் வரம்பு. அது ஏழைகளின் கைச்செலவைக் குறைத்ததற்குப் பெரிய சான்று கிடைக்கவில்லை. கர்நாடகத்தில் புற்றுநோய், இதயம் போன்ற பெரிய சிகிச்சைகளுக்கு மட்டும் வந்த திட்டத்தைப் பற்றி 2014-ல் வெளியான ஆய்வில் நிலைமை வேறு. திட்டம் வந்த கிராமங்களின் ஏழை வீடுகளில் அந்த நோய்களால் ஏற்பட்ட இறப்பு 64 சதவீதம் குறைவு, அந்தச் சிகிச்சைகளுக்கான கைச்செலவு 60 சதவீதம் குறைவு. அதனால் அட்டையால் பயனில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது இல்லாமலிருந்தால் உங்கள் 1,10,000 எத்தனை லட்சமாகியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14-ல் 64.2 சதவீதம், 2021-22-ல் 39.4 சதவீதம் என்று அரசுக் கணக்கு காட்டுகிறது. நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கணக்கிலும் லாட்ஜ் இல்லை, தறிக்கூலி இல்லை.

அப்புறம், நீங்கள் செய்ய வேண்டியவை. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்த முதல் ஆண்டில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கூப்பிடுவது வழக்கம். ஆகவே செலவு முடியவில்லை, சிறிதாகித் தொடரும். அந்தப் பயணங்களுக்கு ரயிலைப் பாருங்கள். புற்றுநோயாளி சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் போகும்போது ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு, துணைக்கு ஒருவருக்கும் சலுகை உண்டு. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பல குடும்பங்களுக்குச் சிகிச்சை முடிந்த பிறகுதான் இது தெரியவருகிறது, எனக்கு ஆற்றாமையாக இருக்கும். மருத்துவர் எழுதும் மருந்தோ ஸ்கேனோ வெளியில் எடுக்க வேண்டியது என்றால், “இது உள்ளேயே கிடைக்குமா, அட்டையில் வருமா, ஒரு வாரம் தள்ளினால் பாதகமா?” என்று அங்கேயே கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். பணம் இல்லை என்று சொன்ன நோயாளியை நான் பார்த்த மருத்துவர்கள் பெரும்பாலும் கீழாகப் பார்க்கவில்லை, மாற்று வழி தேடினார்கள். சொல்லாமல் நின்றுபோனவர்களுக்குத்தான் யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. சத்து மாவு டப்பாவுக்குப் பதில் வீட்டில் என்ன கொடுக்கலாம் என்று அங்குள்ள உணவு ஆலோசகரிடம் கேளுங்கள், இந்த ஒன்றிலேயே மாதம் கணிசமாக மிச்சமாகும்.

நகை விஷயம். அடகுக் கடையில் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வட்டி அதைவிடக் குறைவாகவே இருக்கும். மீட்டு அங்கே மாற்றி வைக்க முடியுமா என்று இந்த வாரமே விசாரியுங்கள். வீட்டு மனையை விற்கலாமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். அனிருத் கிருஷ்ணா என்ற ஆய்வாளர் ராஜஸ்தான், குஜராத், ஆந்திரா கிராமங்களில் ஊர்க்காரர்களையே கூட்டி உட்கார வைத்து, 25 ஆண்டுகளில் எந்த வீடு ஏறியது, எந்த வீடு இறங்கியது, ஏன் என்று கேட்டார். இறங்கிய வீடுகளுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முதலிடம் நோயும் வைத்தியச் செலவும். ஒரே நாளில் விழுந்தவர்கள் குறைவு. வைத்தியம், கடன், வட்டி, நிலம் விற்பது என்று படிப்படியாக இறங்கியவர்கள்தான் அதிகம். மனை உங்கள் வீட்டின் கடைசிப் படி. சிகிச்சை முடிந்துவிட்டது, நீங்கள் வேலைக்குத் திரும்பிவிட்டீர்கள், இப்போது நிற்பது நகைக்கடன் மட்டும் என்றால் மனையைத் தொட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. கைமாத்து, குழுக்கடன், சீட்டு என்று உங்கள் பட்டியலில் வராத வேறு ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். இருந்தால் தொகை, வட்டி, தவணைத் தேதி மூன்றையும் இங்கே எழுதுங்கள், எதை முதலில் அடைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.